எல்லாவற்றையும் சூடு என்றார்கள்

எங்கள் வீட்டை ஒட்டியே தறிப்பட்டறை. விசைத்தறிகள் ஓடும்போது அடுப்படியில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் குரலை உயர்த்த வேண்டும். அன்று காலை எல்லாத் தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். காபி டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த என் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "தறியெல்லாம் ஏஞ்சாமி நிறுத்திப் போட்டாங்க?" என்று கேட்டார்.

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைச் சாய்த்து, செடிக்கு ஊற்றுவதுபோல, காபியை மெதுவாகத் தரையில் ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ யாரு ஊட்டுப் புள்ள?" என்றார்.

எங்கள் ஊரான ஆட்டையாம்பட்டியில் யார் வீட்டுக் கல்யாணம் எந்த மாதம் நடந்தது, யார் என்ன சீர் வைத்தார்கள் என்பதையெல்லாம் மறக்காத மனுஷி அவர். முதல் நாள் மதியம்கூட, வெங்காயத்தைப் பொடியாக நறுக்கவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டிருந்தார். ஒரே இரவில் ஒருவருக்கு இப்படி ஆகுமா? பட்டறைக்கு ஓடிப்போய் என் கணவரைக் கூட்டி வந்தேன். அவர் அம்மாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "அம்மா, நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார். மாமியார் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, பஸ் வந்துவிட்டதா என்று விசாரித்தார்.

இதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் பிறகு எனக்கு ஏன் அத்தனை ஆத்திரம் வந்தது என்பது புரியாது.

அதற்கு முந்தைய வருடம் எனக்கே ஒரு நோய் வந்திருந்தது. சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியை. காலையில் உள்ளே நுழைந்தால் மதியம் வரை தொடர்ந்து வகுப்பு. ஆசிரியைகளின் கழிவறை கட்டடத்தின் மறுகோடியில், கீழ்த்தளத்தில். போய்வருவதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் கூச்சல் போட்டு, முதல்வர் வராண்டாவில் வந்து நிற்பார். அதனால் நாங்கள் எல்லோருமே காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டிருந்தோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டதில்லை. பாட்டிலைக் கொண்டுபோவோம், நிறைந்தபடியே திருப்பிக் கொண்டுவருவோம்.

ஒருநாள் சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிந்தது. அடிக்கடி போக வேண்டும்போல் இருக்கும், போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மாமியாரிடம் சொன்னேன். சூடு பிடித்திருக்கிறது என்றார். வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுத்தார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார், மோரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் அத்தனையும் செய்தார். அதனாலேயே மறுத்துப் பேச முடியவில்லை. குறையாதபோது மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கினேன். எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அலமாரியில் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் திரும்பவும் வந்தது. மறுபடியும் மாத்திரை, மறுபடியும் பாதியில் நிறுத்தம். கடைசியில் முதுகின் ஒரு பக்கம் வலியும் குளிர்காய்ச்சலுமாக விழுந்த பிறகுதான், சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு பெண் டாக்டரிடம் போனேன்.

அவர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று முடிவு வந்த பிறகு, ஒரு காகிதத்தில் படம் போட்டே விளக்கினார். பெண்களுக்குச் சிறுநீர் வெளியே வரும் பாதை மிகவும் குட்டை, ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அங்கிருக்கும் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும் என்றார். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். அடக்கி வைத்தால் கிருமி சிறுநீர்ப்பைக்குள்ளேயே தங்கிப் பெருகும். போதுமான தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் அது கழுவிக்கொண்டு போய்விடும். மாத்திரையை எழுதிக்கொடுத்த நாட்கள் முடியும்வரை முழுதாகச் சாப்பிட வேண்டும், கண்டுகொள்ளாமல் விட்டால் சிறுநீரகம் வரை போகும். இவ்வளவுதான். ஒரு பள்ளிக்கூடப் பாடத்துக்குமேல் கஷ்டமில்லாத விஷயம். இதை எனக்கு அதுவரை யாருமே சொல்லவில்லை. டாக்டர் பேசி முடிக்கும்வரை என் கணவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் அத்தனையும் சொன்னேன். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். விளக்கெண்ணெய்ப் பாட்டிலை மட்டும் என் தலைமாட்டிலிருந்து எடுக்கவேயில்லை.

மாமியாருக்கு வெகுநாளாக முட்டிவலி. எங்கள் வீட்டுக் கழிவறை வாசலைத் தாண்டி, பட்டறைச் சுவர் ஓரமாகப் போனால் கடைசியில் இருக்கிறது. அதுவும் குந்தி உட்காரும் கழிவறை. ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் தவித்து வருவார். இதற்கு அவர் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு காபி, சாப்பிடும்போது தொண்டை நனைய ஒரு மடக்கு. நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தால், சாயங்காலம் அப்படியே துளசிக்கு ஊற்றிவிடுவார். முட்டிவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிவரச் சொல்லித் தினமும் போட்டுக்கொள்வார். சர்க்கரை வேறு உண்டு. அதற்கான மாத்திரையை மட்டும் நினைவிருந்தால்தான் போடுவார்.

காபியைத் தரையில் ஊற்றிய அந்த நாளுக்குச் சில வாரம் முன்னாலிருந்தே, விடிந்ததும் அவர் தன் சேலையைத் தானே துவைத்துக் கொடியில் போடுவதைக் கவனித்தேன். படுக்கை விரிப்பிலும் வாடை இருந்தது. தனியாக இருக்கும்போது மெதுவாகக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சூடுதான், வேறொன்றுமில்லை என்றார். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"இதையெல்லாம் போயி வெளிய சொல்லிக்கிட்டுத் திரிவாங்களா? உடு சாமி" என்றார்.

கணவரிடம் சொன்னேன். அம்மாவிடம் இதை அவர் எப்படிக் கேட்பார்? கேட்க மாட்டார். "அவங்களே ஒண்ணுமில்லைங்கறாங்க, நீ எதுக்கு நோண்டற" என்றார். தறியில் ஒரு இழை அறுந்தால் எழுந்து ஓடுகிற மனிதர். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு இது ஒரு விஷயமா என்று கேட்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். பள்ளிக்குப் போன் செய்து லீவு சொன்னேன். முதல்வர் பெருமூச்சு விட்டார். கணவர் குமாரபாளையத்தில் இருக்கும் தன் அக்காவுக்குச் சொல்ல, அவர் தன் வீட்டுக்காரரோடு காரில் வந்து இறங்கினார். கணவரின் அக்கா எனக்கு நங்கையா. கெட்டிக்காரர்தான், ஆனால் வாசற்படி ஏறும்போதே தீர்ப்பைச் சொல்லிவிடுவார். அம்மாவைப் பார்த்த உடனேயே, எதையோ கண்டு பயந்திருக்கிறார் என்று சொன்னார். மந்திரிப்பவர் ஒருவரை வரவழைத்துக் கையில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். நங்கையாவின் வீட்டுக்காரர் அது மூளைக் கோளாறு என்றார். அவருக்குத் தெரிந்த யாருக்கோ இப்படித்தான் தொடங்கி ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம்.

நான் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒண்ணுக்கில் கிருமி இருந்தாலும் இருக்கலாம், அதை மட்டும் பரிசோதித்துவிடலாம் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்திருந்தேன், இளஞ்சூடாக இருந்தது. நங்கையாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"ஏம்மா, தலை கொழம்பிக் கெடக்குது, நீ ஒண்ணுக்க டெஸ்ட் பண்ணச் சொல்றியே" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் சேலத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். காலையில் போனவர்கள் மதியம் தாண்டியும் பெஞ்சிலேயே இருந்தோம். மாமியார் என் தோளில் சாய்ந்து தூங்குவதும், திடுக்கிட்டு எழுந்து நூலைத் தேடுவதுபோல் மடியைத் தடவுவதுமாக இருந்தார். காலையிலிருந்து அவர் சிறுநீர் கழிக்கவேயில்லை. அங்கிருந்த நர்ஸிடம் சொன்னேன், டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். உள்ளே போனபோது டாக்டரிடம் பேசியது முழுக்க நங்கையாவும் அவர் வீட்டுக்காரரும்தான். பக்கவாதமா, ஞாபக மறதி நோயா என்று கேட்டார்கள், டாக்டரும் கேட்டதற்குப் பதில் சொன்னார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம் எதுவும் இல்லை, மூளையில் வயதுக்கு ஏற்ற சுருக்கம்தான் என்று முடிவு வந்தது. தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நான் இடையில் ஒருமுறை, "டாக்டர், யூரின்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கார் கிளம்பியதும் மாமியாருக்கு நடுக்கம் வந்தது. பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போட்டது. நங்கையா ஏசியை நிறுத்தச் சொன்னார். நான் மாமியாரின் இடுப்புக்கு மேலே முதுகில் கை வைத்தேன். லேசாகத்தான் வைத்தேன், அவர் முனகிக்கொண்டு விலகினார். எனக்கு அந்த வலி தெரியும்.

"வண்டியத் திருப்புங்க. அஸ்தம்பட்டிக்குப் போவோணும்" என்றேன்.

முன் இருக்கையில் இருந்தவர்கள் என்னவோ சொன்னார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. "திருப்பலீன்னா நான் இங்கயே அத்தைய எறக்கிக்கிட்டு ஆட்டோல போறேனுங்க" என்றேன். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. என் கணவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு காரை ஓட்டிய தன் மச்சானிடம் திருப்பச் சொன்னார்.

அந்தப் பெண் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனார் என்பதுதான். தண்ணீர் எவ்வளவு குடிப்பார், என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதுகில் லேசாகத் தட்டியதும் மாமியார் அலறினார். உடனே பக்கத்தில் இருந்த மருத்துவமனையில் சேர்த்து, குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள். கலங்கலாக, சீழ் கலந்து வந்தது. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. உடம்பில் நீரே இல்லை, சர்க்கரை தாறுமாறாக இருந்தது, ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் திணறுகிறது என்று தெரிந்தது.

"வயசானவங்களுக்கு எரிச்சலே தெரியாமக்கூட இருக்கலாம். திடீர்னு கொழம்பிப் பேசறதுதான் மொதல்ல வெளிய தெரியும்" என்றார் டாக்டர். தலையைப் பார்த்தது தப்பில்லை, அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். தினமும் போட்ட வலி மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது என்றார். கடையில் கேட்டதும் கொடுக்கிற மாத்திரை அது. வாங்கிக் கொடுத்தவர் என் கணவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குளுக்கோஸும் ஊசி மருந்துமாகச் சில நாட்கள் போயின. ஒரு காலை நான் முகம் துடைத்துவிடும்போது மாமியார் கண்ணைத் திறந்து, "இஸ்கூலுக்குப் போவுலியா? லீவு போட்டா சம்பளத்தப் புடிச்சிருவாங்களே" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். நங்கையா உள்ளே வந்து, அம்மா தெளிவாகப் பேசுவதைப் பார்த்துவிட்டு, அந்தக் கறுப்புக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இளநீரோடு வந்தார்கள். சிறுநீரகம் தேறும்வரை இளநீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பைப் பிரித்து வெளியேற்ற அதற்கு இப்போது பலமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் இதை விளக்கினேன். ஒவ்வொருவரும் அதைக் கேட்டுவிட்டு, "சூட்டுக்கு இளநி நல்லதுதானுங்களே" என்றார்கள். வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்த ஒருவர், கல்லே கரையும்போது இதெல்லாம் எம்மாத்திரம் என்றார். கல் இல்லை, கிருமி என்றேன். கிருமியும் கரையும் என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கழிவறை விஷயத்தில்தான் எனக்கு வெடித்தது. மாமியாரின் அறைக்குப் பக்கத்தில், உட்கார்ந்து எழும்படியான ஒரு கழிவறை கட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கு இடமும் இருந்தது. ஆனால் அது வீட்டின் வடகிழக்கு மூலை. வாஸ்து பார்ப்பவர் வந்து, ஈசானிய மூலையில் கழிவறை வைத்தால் குடும்பம் தழைக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். நங்கையா போனிலேயே தடை போட்டார். வேறு எந்தப் பக்கம் கட்டினாலும் அது பழைய கழிவறையின் தூரத்துக்குத்தான் போய் நிற்கும்.

"உங்கம்மா கிட்னி போயிட்டா குடும்பம் தழைக்குமுங்களா?" என்று கேட்டேன். கணவர் பட்டறைக்குப் போய்விட்டார். அங்கே போய்விட்டால் தறிச் சத்தத்தில் யார் சொல்வதும் கேட்காது.

நான் மருந்துக்கடையில் சொல்லி, நடுவில் பாத்திரம் வைத்த ஒரு கமோடு நாற்காலியை வரவழைத்து அறைக்குள் போட்டேன். மாமியார் அதன்மேல் ஒரு துண்டை விரித்து, மடித்த துணிகளை அடுக்கி வைத்தார். உட்காரச் சொன்னால், சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் எப்படி என்பார். படத்தை எடுத்துப் பக்கத்து அறையில் மாட்டினேன். ஆம்பளைகள் இருக்கிற வீடு என்றார். தண்ணீர் குடிக்கச் சொன்னால் குடிப்பார், நான் பள்ளிக்குப் போனதும் நிறுத்திவிடுவார். நான் சாயங்காலம் வந்து சொம்பைப் பார்த்துவிட்டுக் கத்துவேன். அவர், "கத்தாத சாமி, உனக்கு நெஞ்சு வலிக்கும்" என்பார். கோபத்தைக் காட்டவும் ஆளில்லாத வீடு.

அரையாண்டுத் தேர்வு சமயத்தில் ஒருநாள் எனக்குப் பள்ளியிலிருந்து வர நேரமாகிவிட்டது. அன்று மாமியாருக்கு அவசரம். வாசல் வரை நடக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பிறகு எழ முடியவில்லை. அப்போது கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றிருந்ததால், கூப்பிட்டதைக் கேட்டுப் பட்டறையிலிருந்து வந்தவர் என் கணவர். அவர்தான் தூக்கி நிறுத்தி, கால் கழுவிவிட்டு, பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவினார். நான் வந்தபோது மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தார். பெற்ற மகன் இதைச் செய்யும்படி ஆகிவிட்டதே என்று விம்மினார். கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தார், கை கழுவிக் கழுவிச் சிவந்திருந்தது. இத்தனை மாதம் நான் பேசியது எதுவும் செய்யாததை அந்த ஒரு சாயங்காலம் செய்தது.

மறுநாளே கொத்தனார் வந்தார். ஈசானிய மூலையில்தான் கட்டினோம். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்தோம், விளக்கு வைத்தோம். நங்கையா வந்து பார்த்துவிட்டு, இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அவரைச் சமாதானப்படுத்தக் கார் வரை போனார். நான் போகவில்லை.

டாக்டர் சொன்ன அளவுக்கு மாமியார் இப்போது தண்ணீர் குடிக்கிறார். சர்க்கரை மாத்திரையை என் கண்முன்னால் போடுகிறார். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுக்கிறோம். போன வாரம் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். கிருமி இல்லை. சிறுநீரகம் கொஞ்சம் தேறியிருக்கிறது, முழுதாகத் திரும்பவில்லை, இனித் திரும்பப் போவதுமில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது கணவர் இரவல் வாங்கி வந்த காரை ஓட்டியபடியே, "முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்றார். நான் அவர் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமியார் என் கையைத் தொட்டு, அவசரமாகப் போக வேண்டும் என்றார். அடக்கக் கூடாது என்று நான்தான் ஓயாமல் சொல்லி வைத்திருந்தேன்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. பெண்கள் கழிவறை என்று பெரிதாக எழுதியிருந்த கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார் பெட்ரோல் போடுகிறவர். அவரைப் போன் போட்டுக் கூப்பிடச் சொன்னேன். முடியாது என்றார். வரிசையில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி என் குரல் ஏறியது. கணவர் என் தோளைத் தொட்டு, போகட்டும் விடு, வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். நான் கையைத் தட்டிவிட்டேன். கடைசியில் அந்த ஆள் உள்ளே போய் மேஜை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து வந்தார். அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

குழாயில் தண்ணீர் வரவில்லை. காரிலிருந்த குடிதண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு, மாமியாரைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன்.